எர்த் இல்லாத வீட்டில் குடியிருக்க மறுத்த மகனுக்கு

சங்கரா,

நேற்று போனை வைப்பதற்கு முன்னால் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "நான் தேவையில்லாம பெருசாக்கிட்டேனோம்மா?" என்று கேட்டாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே புத்தகத்துக்குள் முகத்தை வைத்து வளர்ந்தவள் நான். ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குப் பேனா வேண்டும். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பூரணியும் படிக்கட்டும். தை மாதம் அவள் உனக்கு மனைவியாகப் போகிறவள். அந்த வீட்டைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் இருப்பதற்காகப் பார்த்த வீடு. அவளுடைய ஆபீசுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். சமையல் மேடைக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம். நீ மட்டும் முன்கூட்டியே போய்த் தங்கி, உன் மைக்ரோவேவ் ஓவனை மேடையில் வைத்து ஒருநாள் பால் சுட வைத்திருக்கிறாய். கழுவின கையோடு தொட்டபோது சுர்ரென்றிருக்கிறது. ஆள் வைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் எந்த பிளக் பாயிண்டுக்கும் எர்த் இல்லை. எர்த்துக்கென்று மேலே உள்ள பெரிய ஓட்டை வெறும் அழகுக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னாய். "நாங்களே இத்தனை வருஷம் இருந்த வீடு தம்பி. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க, ஒண்ணும் செய்யாது" என்றார். மறுபடி சொன்னபோது சிரித்தார். எர்த் போடாமல் இங்கே குடும்பம் நடத்த முடியாது என்று நீ சொன்னதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இருக்கிறபடி இருப்பதென்றால் இருங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டிலிருந்துதான் உனக்குக் கஞ்சி வந்தது. அதுதான் உன்னைப் போட்டுக் குடைகிறது. பூரணியின் அப்பா வேறு, சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்டுவிட்டார் என்றாய்.

உனக்கு வேலை கிடைத்தபோது நான் பெருமைப்பட்டேன், தெருவெல்லாம் சொன்னேன். இப்போது அதைவிட அதிகமாகப் பெருமைப்படுகிறேன். ஆனால் இதைத் தெருவில் சொல்ல முடியாது. என் மகன் வீட்டுக்காரரோடு முறைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னாலேயே வீட்டை விட்டுவிடப் போகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்ல? அதனால் உன்னிடமே சொல்கிறேன். நீ பெரிதாக்கவில்லை. அது உள்ளபடியே பெரியதுதான். எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. செண்பகம் பெரியம்மாவுக்கு முதலில் பார்த்த சம்பந்தம் தட்டிப்போனது என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். ஏன் தட்டிப்போனது என்று நாங்கள் யாரும் உனக்குச் சொன்னதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நாங்கள் மேலகரத்தில் இருந்தோம். நான் அங்கிருந்து பஸ்ஸில் தென்காசிக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவையும் செண்பகம் அக்காவையும் என்னையும் தாங்கியவர் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. ஷார்ஜாவில் ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை. ஊரில் எங்கள் இருவரையும் 'எம் மக்க' என்றுதான் சொல்வார். லீவு கிடைத்தால் குற்றாலச் சீசனுக்கு வந்துவிடுவார். சாரலில் நனையாவிட்டால் அவருக்கு ஊருக்கு வந்தது போலவே இருக்காது.

அந்த வருஷம் வரும்போது காரின் தலையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே மைக்ரோவேவ் ஓவன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. "தீ இல்லாம சமைக்கும் மைனி" என்றார் அம்மாவிடம். "தீ இல்லாம என்னத்தச் சமைக்க? வெயில்ல வச்சா?" என்றாள் அம்மா. அடுப்பங்கரையில் வைத்தால் யார் கண்ணில் படும் என்று முன்னறையில் டி.வி.க்குப் பக்கத்தில் மேஜை போட்டு அதில் வைத்தார். முதல் வேலையாக அம்மாவின் காப்பியை எவர்சில்வர் டம்ளரோடு உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினார். உள்ளே மின்னல் வெட்டியது. அம்மா "எய்யா முருகா" என்று சுவர்வரைக்கும் பின்னால் போய்விட்டாள். "சூடு ஏறுது மைனி, அப்படித்தான் இருக்கும்" என்றார் சித்தப்பா. அவருக்கும் அது புதுசு. கேம்ப்பில் பத்துப் பேரோடு கிடந்தவர், ஓவனைக் கடை ஜன்னலில் பார்த்ததோடு சரி.

கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எது கிடைத்தாலும் படிக்க வேண்டும். மளிகைக்கடைப் பொட்டலத் தாளைக்கூட விடமாட்டேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து வீட்டுக்கு அறிவித்தேன். உலோகப் பாத்திரம் கூடாது என்று அறிவித்தபோது அம்மா அடுப்பங்கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பெயர் வெட்டின எவர்சில்வர், பித்தளை, அலுமினியம். உலோகம் இல்லாதது என்று தேடினால் உப்புச்சாடியும் ஊறுகாய்ப் பரணியும்தான். பக்கத்து வீட்டில் ஒரு பீங்கான் கிண்ணம் இரவல் வாங்கினோம்; அதன் விளிம்பில் ஓடிய தங்கக் கோடும் பொறிந்தது. உனக்குச் சொல்கிறேன், கல்யாணத்துக்கு வந்து குவியப்போகிற எவர்சில்வரில் ஒன்றையும் அதற்குள் வைத்துவிடாதே. விளிம்பில் கோடு போட்ட பீங்கானையும் வைக்காதே. இதற்கென்றே வருகிற கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தால் போதும். ஹோட்டல் சாம்பார் வருகிற பிளாஸ்டிக் டப்பாவை அப்படியே உள்ளே தள்ளுகிற பழக்கம் உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிடு.

ஒவ்வொருவரும் அவரவர் வழக்கப்படி அந்த ஓவனைப் படுத்தினோம். பல்லி விழுந்துவிடும் என்று பாலை எப்போதும் இறுக மூடி வைக்கிற கை அம்மாவுடையது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாலை ஊற்றி மூடியைத் திருகி உள்ளே வைத்தாள். சூடானதும் மூடி தெறித்து, ஓவனின் கூரையில் மோதி, பால் முழுக்க உள்ளே மழையாகப் பெய்தது. மூடவே கூடாது என்றில்லை. ஆவி போக இடம் விட்டு மூட வேண்டும். முட்டையை ஓட்டோடு வைத்தாலும், தோல் உள்ள கிழங்கைக் குத்தித் துளை போடாமல் வைத்தாலும் இதே கதைதான். சித்தப்பா போகிற வருகிற ஆளையெல்லாம் உள்ளே கூப்பிட்டு, விளக்கு எரிந்து தட்டு சுற்றுகிற அழகைக் காட்ட வெறும் ஓவனையே ஓட்டுவார். வெறுமனே ஓடினால் அது தன்னையே சுட்டுக்கொள்ளும் என்று நான் படித்துச் சொன்ன பிறகு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டுக் காட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் மயில் போட்ட உறை ஒன்று தைத்து ஓவனுக்குப் போர்த்திவிட்டேன். மயிலின் தோகை பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டது. கருகல் வாசனை வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். மயிலை டி.வி.க்கு மாற்றினேன்.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் அதே வீட்டில், அதே மேஜைக்குப் பின்னால் இருந்தது.

ஓவனோடு வந்த பிளக்குக்குத் தடித்த சதுரக் கால்கள். நம் சுவரில் இருந்ததோ உருண்டை ஓட்டைகள். சித்தப்பா பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் நுனியை உரித்து, இரண்டு கம்பிகளை ஓட்டைகளில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கினார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூன்றாவது கம்பி மிச்சம் இருந்தது. "இது சும்மா எக்ஸ்ட்ரா" என்று அதை மடித்து, டேப் சுற்றி, அழகாகக் கட்டிவைத்தார். சாரல் நாட்களில் எங்கள் சிமென்ட் தரை வியர்த்தே கிடக்கும். துணி காயாது, சுவர் காயாது. இரண்டொரு நாளில் அம்மா சொன்னாள்: "தொட்டா சுர்ருங்குதே."

"புதுசுல்லா மைனி. பழகப் பழகச் சரியாயிரும்" என்றார் சித்தப்பா.

"பழகுததுக்கு அது என்ன கன்னுக்குட்டியா சித்தப்பா?" என்றாள் அக்கா.

செருப்பு போட்டுக்கொண்டு தொடு என்று அம்மாவிடம் சொல்ல முடியுமா? வீட்டுக்குள் செருப்பா என்று கேட்பாள். ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நின்று தொட்டாள். சாக்கும் ஈரம்தான்.

அந்தப் பச்சைக் கம்பி எதற்கு என்று என் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படம் போட்டே இருந்தது. எந்திரத்துக்குள் எங்காவது ஒயர் நைந்து மேல்தகட்டைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குள் போய்ச் சேர அது ஒரு வழி. அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொடுகிற ஆள்தான் வழி. இன்றைக்குச் சுர்ரென்று விட்டது, நாளைக்கு விடும் என்று யாரும் சொல்ல முடியாது. சித்தப்பா தனியாக இருந்தபோது புத்தகத்தோடு போய் நின்றேன்.

"சித்தப்பா, இந்தக் கம்பிய எர்த்ல குடுக்கணுமாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"ஏட்டி, கம்பெனியில ஒயரு கட்டுக்கட்டா எடுத்துக் குடுத்தவன் நான். எனக்கே சொல்லுதியா?" என்று சிரித்து, அம்மாவைக் கூப்பிட்டு, "மைனி, எஞ்சினியரம்மா வந்துட்டாவ, காப்பி போடுங்க" என்றார்.

இன்னொரு நாள் மறுபடி சொன்னேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "அவ்வளவு தூரத்துல இருந்து சுமந்து கொண்டாந்தவனுக்கு இந்த வீட்டுல ஒரு நல்ல வார்த்த கெடையாது" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். சங்கரா, கெட்டவனிடம் மறுத்துப் பேசுவது சுலபம். நமக்கு நல்லது செய்தவரிடம், நம்மேல் பிரியம் உள்ளவரிடம் "நீங்கள் செய்தது தப்பு" என்று சொல்வதற்குத்தான் நாக்கு எழும்பாது. நான் உடுத்தியிருந்த பாவாடை அவர் வாங்கித் தந்தது. நான் கையில் வைத்திருந்த புத்தகமும் அவர் வாங்கித் தந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குத் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சீசனில் எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு காரியத்தையும் முடித்துக்கொள்வார்கள். விடியக்காலை அருவியில் குளியல், அப்புறம் நேரே பெண் வீடு. அவர்களும் அப்படித்தான் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்களுக்கெல்லாம் ஈரத் தலை, தோளில் ஈரத் துண்டு. மாப்பிள்ளையின் அம்மா கலகலப்பானவர். "எங்கூர்ல குடிக்கவே தண்ணி கெடையாது, இங்க என்னடான்னா மண்டையில வந்து கொட்டுது" என்று வாசலிலேயே சிரித்தார். அக்காவின் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்து, "நல்லாருக்கா" என்று நேராகவே சொன்னார். காப்பித் தட்டை நீட்டும்போது அக்கா ஒரு தடவை நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்தது. பிடிக்காத எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறின கேசரியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஓவனுக்குள் வைத்து, "இங்கன வாங்க அக்கா, தீக்குச்சி கிழிக்காம சூடாவுத அதிசயத்தப் பாருங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் எழுந்து வந்தார். வெறுங்கால். சேலைக் கரையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வெளிய சுடுமோ?" என்று கேட்டுக்கொண்டே, இரண்டு கைகளையும் விரித்து ஓவனின் மேல் வைக்கப் போனார். நான் காலி டம்ளர்களோடு சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே சுவிட்சை அணைத்தேன். ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

வீட்டுக்கு வந்தவரை, அதுவும் சம்பந்தம் பேச வந்தவரைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை கத்தக்கூடாத வார்த்தை அது. அவருடைய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. "ஏன், எங்கையில என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன்: எர்த் கம்பி, கசிவு, ஈரத் தரை என்று பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் வரிசையில்லாமல் வந்தது. "ஏட்டி, உள்ள போ!" என்றார் சித்தப்பா. அவர் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "புது ஜாமான் பாரு. நம்ம கை பட்டா தேஞ்சிரும்னு புள்ள பயப்படுதா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மா சிரிக்கவில்லை. கேசரியை யாரும் கேட்கவில்லை. போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள்.

அவர்கள் போன பிறகு நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை வெறும் சுர்ரென்று போயிருக்கலாம்; சிரித்துவிட்டுக் கேசரி சாப்பிட்டிருப்பார்கள். ஒருவேளை வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நடக்காமல் போன விபத்துக்குச் சாட்சி யாரும் கிடையாது. அதைத் தடுத்தவள் கத்தினது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். நீ இப்போது நிற்கிற இடம் அதுதான். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒன்றும் ஆகாமல் இருக்கும்போதே பேசினால்தான் உண்டு.

தரகர் வந்து சேதி சொன்னார். "பொண்ணு தங்கம்ங்காவ. ஆனா வீட்டுல பெரிய ஆளுக்கு மரியாத இல்ல, சின்னது வாய்த்துடுக்கா இருக்குன்னு சொல்லிட்டாவ." அம்மா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அக்கா பொழப்பக் கெடுத்துட்டியேட்டி" என்றாள். சித்தப்பா என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்தார். நான் கிணற்றடிக்குப் போனேன். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று போனவளுக்கு அழுகைதான் வந்தது.

"அழாத மூதி" என்றாள் அக்கா. "அந்தம்மா கைய வச்சு, வச்ச எடத்துலயே சாஞ்சிருந்தா, கல்யாணம் நடந்திருக்குமாக்கும்?"

"உனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சுல்லா?"

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினாள். "பிடிச்சிருந்துச்சு" என்றாள். "அதுக்காக நீ வாய மூடிட்டு நின்னிருக்கணும்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். போ, போயி முகத்தக் கழுவு."

இழந்தவள் அவள். கோபப்பட உரிமை உள்ளவளும் அவள் ஒருத்திதான். அவளே அப்படிச் சொன்ன பிறகு, ஊர் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்கவில்லை. அதனால்தான் உன்னையும் கேட்கிறேன்: பூரணி என்ன சொன்னாள்? அவள் அப்பா சொன்னதைச் சொன்னாய், வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னாய். நடந்தே ஆபீசுக்குப் போகிற வசதியை இழக்கப்போகிறவள் அவள். நீ செய்தது சரியா என்று என்னிடம் கேட்பதைவிட அவளிடம் கேள். அவள் ஏமாற்றத்தைச் சொன்னால் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேள்.

சித்தப்பாவின் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் நான் படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, என்னைப் பார்க்காமல், "அது எங்கன போட்டிருக்கு? காட்டு" என்றார். ஓவன் புத்தகத்தைக் காட்டிப் படித்துத் தமிழில் சொன்னேன். என் அறிவியல் புத்தகத்தையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தையும் கீழே இருந்த பாடத்தையும் மெதுவாகப் படித்தார். மூடினார், திறந்தார், மறுபடி படித்தார். எழுந்து போனார். நான் அவரை ஒரு நாளும் அவ்வளவு மதித்ததில்லை. ஒரு விபத்தும் நடந்துவிடவில்லை, வேறு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, குறை சொன்ன ஒருத்தியையும் வீடே அடக்கிவைத்திருந்தது. அப்படியிருந்தும் அவராகவே வந்து கேட்டார்.

மறுநாள் தென்காசியிலிருந்து ஒயர்மேனைக் கூட்டி வந்தார். சுர்ரென்ற தகட்டில் ஒயர்மேன் டெஸ்டரை வைத்ததும் உள்ளே குட்டி விளக்கு எரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். புறவாசலில் ஆழமாகக் குழி தோண்டினார்கள். மண்வெட்டியைப் பாதி நேரம் சித்தப்பாதான் பிடித்தார். குழாயை இறக்கி, சுற்றி உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். "என்னப்பா இது, மிஷினுக்குப் படையலா?" என்றாள் அம்மா. "ஆமா மைனி. பூசாரி அன்னா நிக்கா பாருங்க" என்று சித்தப்பா என்னைக் காட்டினார். அருவிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள் எதற்குக் குழி என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "எம் மவ சொன்னா." அன்று சரியான பிளக்கும் போட்டார்கள். தீக்குச்சிகளைச் சித்தப்பாவே பிடுங்கி எறிந்தார். டெஸ்டர் விளக்கு இப்போது எரியவில்லை. அம்மா சாக்கை விட்டு இறங்கி, வெறுங்காலோடு நின்று, ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, பிறகு உள்ளங்கையை வைத்தாள். "இப்பப் பசு மாதிரி நிக்கி" என்றாள்.

திருவேங்கடத்துக்காரர்கள் திரும்ப வரவில்லை. அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லி அனுப்பவும் இல்லை. அடுத்த வருஷம் பண்பொழியிலிருந்து உன் பெரியப்பா வந்தார். அந்தக் குடும்பத்தின் சந்தோஷம் நீ பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் அதற்காக, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அக்காவுக்குப் பிடித்த ஒருவர் கைவிட்டுப் போனார். அது நிஜமான நஷ்டம். உனக்கும் பூரணிக்கும் இதைவிட நல்ல வீடு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தூரமான வீடு கிடைக்கலாம், இருட்டான வீடு கிடைக்கலாம். எதுவானாலும், சாமான் இறக்குவதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார். மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுகிற சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார். மற்றவை உனக்குத் தெரிந்தவைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெறும் தண்ணீரைச் சுட வைத்தால் கொதிக்காதது போல் அமைதியாக இருந்துவிட்டு, எடுக்கும்போது பொங்கி முகத்தில் அடிக்கும். உள்ளே வைக்கும்போதே ஒரு மரக்கரண்டியைப் போட்டுவை, முடிந்ததும் கொஞ்சம் பொறுத்து எடு. நாளைக்குக் குழந்தை வந்து அதற்குப் பால் சுட வைத்தால், பாட்டில் வெளியே ஆறியிருக்கும், உள்ளே சுடும். நன்றாகக் கலக்கி, உன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் கொடுக்காதே. உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் சுவர் சுவிட்சை அணை. கதவு சரியாக மூடாவிட்டால் அதை ஓட்டாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் வயிற்றுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்; கழற்றிப் பார்க்கிற ஆசை உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதை மட்டும் கழற்றாதே.

ஞாயிற்றுக்கிழமை பூரணியையும் கூட்டிக்கொண்டு போ. குரலை உயர்த்தாதே. அவர் உனக்குச் செய்த நல்லதுக்கெல்லாம் மனசார நன்றி சொல், அது வேறு கணக்கு. அவர் மனம் மாறியிருந்தால் சந்தோஷம். அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுவிடு. மாறாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடு. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டதோடு உன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. நீ வெளியே வந்துவிடுவாய். அந்தச் சுவர் அப்படியேதான் இருக்கும். அடுத்து யார் குடிவரப்போகிறார்கள் என்று அவரிடம் கேள். சொன்னால் அவர்களிடம் போய்ச் சொல். சொல்லாவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் சாயங்கால வேளைகளில் அந்தத் தெரு வழியாக நடந்துவிட்டு வாருங்கள். வாசலில் லாரி நின்று சாமான் இறங்குவதைப் பார்த்தால், போய்க் கதவைத் தட்டுங்கள். யாரோ ஒரு பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து திறப்பாள். உங்களை வம்புக்காரர்கள் என்றுதான் நினைப்பாள். நினைத்தால் நினைக்கட்டும். சொல்லிவிட்டு வாருங்கள்.

அம்மா